பணம் கட்டியாச்சு... வண்டி எப்போ?

அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் புக்கிங் என்று நிறுவனங்கள் மார்தட்டுகின்றன. அந்த ஒரு லட்சம் பேரும் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள்?

2022 ஜூலை 30, சனிக்கிழமை காலை 11 மணி. மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் காருக்கு புக்கிங் திறந்தது. முதல் ஒரு நிமிடத்தில் 25,000 பேர் பணம் கட்டினார்கள். அரை மணி நேரம் முடிவதற்குள் எண்ணிக்கை ஒரு லட்சம். எக்ஸ்ஷோரூம் விலையில் பார்த்தால் சுமார் 18,000 கோடி ரூபாய் மதிப்புள்ள ஆர்டர் என்று நிறுவனமே பெருமையோடு அறிவித்தது. மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் பெரிய செய்தி.

அந்தச் செய்தியின் இன்னொரு பாதியை யாரும் அவ்வளவு பெரிய எழுத்தில் போடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் தரப்போவதாகச் சொன்ன வண்டிகள் 20,000-ஐ ஒட்டித்தான். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். சில வேரியன்ட்டுகளுக்கு அந்த வரிசை இரண்டு வருடம் வரை நீண்டது. புக் செய்தபோது எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை, வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது ஒன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்கார்ப்பியோ-என் தனிக்கதை அல்ல. 2021 அக்டோபர் 7-ம் தேதி எக்ஸ்யூவி700-க்கு புக்கிங் தொடங்கி 57 நிமிடங்களில் 25,000 வண்டிகள் பதிவாயின. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் நிலைமை இன்னும் வேடிக்கை. அதன் டாப் எண்ட் ஹைபிரிட் மாடல்களுக்கு 2023 ஏப்ரலில் புக்கிங்கையே நிறுத்திவிட்டார்கள். ஓராண்டு கழித்துத் திறந்து, அடுத்த மாதமே மறுபடியும் மூடினார்கள். கையில் பணத்தோடு போனாலும் 'வாங்கிக்கொள்ள மாட்டோம்' என்று சொல்லும் கடை! 2022 டிசம்பர் முடிவில் மாருதியிடம் மட்டும் கொடுக்காமல் நின்ற ஆர்டர்கள் 3.6 லட்சத்துக்கும் மேல். 2023 மே மாதத்தில் மஹிந்திராவிடம் அப்படி நின்றவை ஏறக்குறைய 2.9 லட்சம்.

காத்திருப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ரேஷன் கடை, ரயில் டிக்கெட், கேஸ் இணைப்பு எல்லாவற்றுக்கும் நின்று பழகியவர்கள்தான். ஆனால் கார் புக்கிங்கில் ஒரு விஷயம் உறுத்துகிறது. வரிசையில் நிற்கும் காலத்தில் எது ஏறினாலும், எது மாறினாலும் அந்தச் செலவு முழுக்க நிற்பவருடையது. நிற்கவைத்தவருக்குக் காலணா நஷ்டம் கிடையாது.

டெலிவரி நாள் விலை

புக்கிங் படிவத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள் எந்தக் கம்பெனியானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வண்டியின் விலை, டெலிவரி நாளில் எது அமலில் இருக்கிறதோ அதுவே. டெலிவரி தேதி உத்தேசமானது. வசதிகள், வண்ணம், உதிரி பாகங்கள் ஆகியவற்றை முன்னறிவிப்பின்றி மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதாவது விலையும் உறுதியில்லை, தேதியும் உறுதியில்லை, பொருளும் உறுதியில்லை. உறுதியானது நாம் கட்டிய 21,000 ரூபாய் புக்கிங் தொகை மட்டும்தான்.

இதன் விளைவைத் தமிழ்நாட்டுக் கணக்கில் பார்ப்போம். 2023 நவம்பரில் இங்கே வாகனங்களுக்கான ஆயுள்கால வரி உயர்ந்தது. அதுவரை 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு வரி 15 சதவிகிதம். புதிய கணக்கில் 10 முதல் 20 லட்சம் வரையான கார்களுக்கு 18, அதற்கும் மேலே போனால் 20 சதவிகிதம். 18 லட்ச ரூபாய் வண்டியை புக் செய்துவிட்டு அந்தத் தேதியைத் தாண்டிக் காத்திருந்தவர், 2.70 லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் 3.24 லட்சம் கட்டினார். எந்தத் தவறும் செய்யாமலே 54,000 ரூபாய் கூடுதல். 22 லட்சத்து வண்டி என்றால் 1.10 லட்சம் கூடுதல்.

இதில் ஒரு கொடுமையான ஓரம் இருக்கிறது. 19.90 லட்சம் விலையுள்ள வண்டிக்கு 18 சதவிகித வரி, 3.58 லட்சம். காத்திருக்கும்போது கம்பெனி வெறும் 30,000 ரூபாய் ஏற்றினால் விலை 20.20 லட்சம். இப்போது வரி 20 சதவிகிதக் கட்டத்துக்குத் தாவி 4.04 லட்சமாகிவிடும். விலையேற்றம் 30,000, வரியேற்றம் ஏறக்குறைய 46,000. கம்பெனி ஏற்றியதைவிட அந்த ஏற்றத்தால் வந்த வரி அதிகம்!

கடன் வட்டியும் இதே காலத்தில் ஏறியது. ரிசர்வ் வங்கி 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவிகிதத்துக்குக் கொண்டுபோனது. கார் கடன் வட்டி, புக் செய்த நாளில் முடிவாவதில்லை. வண்டி அலாட் ஆகி, பில் போட்டு, வங்கியிலிருந்து பணம் போகும் நாளில்தான் முடிவாகிறது. 15 லட்சம் கடன், ஏழு வருடத் தவணை, 8 சதவிகித வட்டி என்றால் மாதம் 23,379 ரூபாய். அதுவே 9 சதவிகிதம் ஆனால் 24,134. மாதம் 755 ரூபாய்தானே என்று தோன்றும். ஏழு வருடத்துக்குக் கூட்டினால் 63,000-ஐத் தாண்டும்.

இவற்றோடு பழைய வண்டியின் கதை தனி. எக்ஸ்சேஞ்சில் கொடுக்க நினைத்த கார், காத்திருந்த காலத்தில் ஒரு வயது கூடி, மதிப்பு குறைந்து நிற்கும். அதற்கு இன்னொரு வருட இன்ஷூரன்ஸ், இன்னொரு முறை டயர், பேட்டரி. விற்றுவிடலாம் என்றால் புது வண்டி எப்போது வரும் என்று தெரியாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த 'டெலிவரி நாள் விலை' விதி ஒருமுறை வாங்குபவருக்கும் கைகொடுத்தது. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. குறைந்தபோது, சிறிய கார்களுக்கு வரி 28-லிருந்து 18 சதவிகிதமானது. செஸ்ஸோடு சேர்த்து 50 சதவிகிதம் வரை போன பெரிய கார்களுக்கு 40 ஆனது. அதற்கு முன் புக் செய்து காத்திருந்தவர்கள் குறைந்த விலையில் வண்டி எடுத்தார்கள். ஆனால் அது அரசு கொடுத்த சலுகை. கம்பெனி தன் பங்கிலிருந்து கொடுத்தது ஒன்றுமில்லை.

கம்பெனி தானாகவே விலையைக் குறைத்த கதை வேறு. 2024 ஜூலையில் எக்ஸ்யூவி700-ன் டாப் எண்ட் ஏஎக்ஸ்7 வரிசைக்கு 2.20 லட்சம் வரை விலையைக் குறைத்தது மஹிந்திரா. காரணம், மூன்றாம் ஆண்டுக் கொண்டாட்டமாம். வருடக்கணக்கில் காத்திருந்து, நடுவில் ஏறிய விலையையும் கட்டி, சற்று முன்புதான் வண்டி எடுத்தவர்கள் அந்தக் கொண்டாட்டத்தை எப்படி ரசித்திருப்பார்கள்? பொறுமையில்லாமல் வேறு வண்டி வாங்கியவனும் தப்பித்தான், சோம்பேறியாகத் தள்ளிப்போட்டவனும் தப்பித்தான். ஒழுங்காக வரிசையில் நின்றவர்தான் மாட்டிக்கொண்டார்.

கை நகம் அளவு சிப்

இத்தனை காத்திருப்புக்கும் முதலில் சொல்லப்பட்ட காரணம் செமிகண்டக்டர் தட்டுப்பாடு. அது பொய்யல்ல. 2020 ஏப்ரலில், ஊரடங்கு காரணமாக, இந்தியா முழுவதும் விற்ற கார்களின் எண்ணிக்கை பூஜ்யம். உலகெங்கும் கார் கம்பெனிகள் பயந்துபோய் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அதே நேரத்தில் வீட்டிலிருந்து வேலை, ஆன்லைன் வகுப்பு என்று லேப்டாப்பும் செல்போனும் பறந்தன. சிப் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சில மாதங்களிலேயே மக்கள் கார் வாங்கத் தொடங்கியபோது, கார் கம்பெனிகள் சிப் வரிசையின் கடைசியில் போய் நின்றன. வாடிக்கையாளரை வரிசையில் நிற்கவைத்தவர்களும் ஒரு வரிசையில்தான் நின்றார்கள்!

அடிமேல் அடியாக 2021 மார்ச்சில் ஜப்பானில் உள்ள ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலையில் தீ விபத்து. கார்களுக்கான சிப் தயாரிப்பதில் பெரிய ஆலை அது. அடுத்து மலேசியாவில் கொரோனா ஊரடங்கு, சிப்களை இறுதி வடிவத்துக்குக் கொண்டுவரும் ஆலைகள் முடங்கின. 2021 செப்டம்பரில் மாருதி தன் வழக்கமான உற்பத்தியில் 40 சதவிகிதம் அளவுக்குத்தான் செய்ய முடியும் என்று முன்கூட்டியே அறிவித்தது. ஜப்பானில் 2022 அக்டோபரில் டொயோட்டா, புதுக் காரோடு கொடுக்கும் இரண்டு ஸ்மார்ட் சாவிகளில் ஒன்றுக்குப் பதிலாக சாதாரண இரும்புச் சாவியைக் கொடுத்தது. ஒரு சாவிக்குள் இருக்கும் சிப்பைக்கூட மிச்சம் பிடிக்க வேண்டிய நிலைமை.

ஆனால் கையில் இருக்கும் கொஞ்சம் சிப்பை எந்த வண்டியில் பொருத்துவது என்பதைத் தீர்மானிப்பது கம்பெனிதான். ஸ்கார்ப்பியோ-என் டெலிவரி தொடங்கியபோது, விலை அதிகமான இசட்8எல் வேரியன்ட்டுக்கு முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். புக் செய்தவர்களில் அதைக் கேட்டவர்களே அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இருக்கலாம். கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவர் முன்னால் போவதுபோல, டாப் எண்ட் கேட்டவர் முன்னால் போனார். அதே நிமிடத்தில் அதே 21,000 கட்டி அடிப்படை மாடல் கேட்டவர், தர்ம தரிசன வரிசையில் நின்றார்.

யார்டில் லட்சக்கணக்கில்...

சிப் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் காத்திருப்பு ஏன் தொடர்ந்தது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

2024 அக்டோபர் 3-ம் தேதி மஹிந்திரா தார் ராக்ஸ் காருக்கு புக்கிங் திறந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர். அதே மாதத்தில், வாகன விற்பனையாளர்கள் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாடா ஒரு கணக்கு வெளியிட்டது. நாடு முழுவதும் டீலர்களின் யார்டுகளில் விற்காமல் நின்ற கார்கள் சுமார் 7.9 லட்சம். மதிப்பு 79,000 கோடி ரூபாய். வெயிலிலும் மழையிலும் நின்று பேட்டரி இறங்கிக்கொண்டிருந்த கார்கள். ஆக, நாட்டில் கார் பஞ்சம் இல்லை. எல்லோரும் கேட்கும் அந்தக் கார் மட்டும்தான் இல்லை.

செங்கல்பட்டு பக்கம் போனால் இந்த முரண் இன்னும் பளிச்சென்று தெரியும். எக்ஸ்யூவி700 உருவானது மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள அதன் ஆராய்ச்சி மையத்தில். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை. 2021 செப்டம்பர் 9-ம் தேதி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சரியாக நான்கு வாரம் கழித்து எக்ஸ்யூவி700-க்கு 57 நிமிடத்தில் 25,000 புக்கிங். ஒரே சாலையோரத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வாங்க ஆள் போதவில்லை, இன்னொரு வண்டிக்கு வாங்க வந்தவர்களைச் சமாளிக்க முடியவில்லை.

இந்தக் கூட்டம் தானாகக் கூடுவதும் இல்லை. கூட்டப்படுகிறது. 'முதல் 25,000 பேருக்கு மட்டும் அறிமுக விலை' என்பதுதான் அதற்கான தூண்டில். 11.99 லட்சத்தில் தொடங்கிய எக்ஸ்யூவி700-ன் விலை, முதல் 25,000 முடிந்ததும் 50,000 ரூபாய் வரை ஏறியது. ஒரு மணி நேரத்தில் 50,000 போய்விடும் என்றால் யார்தான் யோசிப்பார்கள்? ஓட்டிப் பார்க்காமல், பின்சீட்டில் அப்பா அம்மாவை உட்காரவைத்துப் பார்க்காமல், செல்போனில் விரலைத் தட்டிவிடுகிறார்கள். கணவர் பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று, எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று வேறு கம்பெனியில் இன்னொன்று. புக்கிங் தொகை திரும்பக் கிடைக்கும் என்பதால் தயக்கம் இல்லை. இப்படிப் பட்டியல் ஊதுகிறது. ஊதிய பட்டியலைக் காட்டி அடுத்த ஆளை அவசரப்படுத்துகிறார்கள். வாங்குபவர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தத் தொகையைச் சும்மா கூட்டிப் பாருங்கள். 1,76,218 பேர், தலைக்கு 21,000. ஏறக்குறைய 370 கோடி ரூபாய். கம்பெனி கணக்கோ, டீலர் கணக்கோ, எங்கே கிடந்தாலும் அந்தப் பணத்துக்கான வட்டி கட்டியவருக்கு வருவதில்லை.

நானோ கற்றுக்கொடுத்த பயம்

'அவ்வளவு பேர் கேட்டால் தொழிற்சாலையைப் பெரிதாக்க வேண்டியதுதானே?' என்று கேட்பது எளிது. கம்பெனிக்காரர்களுக்கு அதில் ஒரு நியாயமான பயம் உண்டு. அந்தப் பயத்தின் பெயர் டாடா நானோ.

2009 ஏப்ரலில் நானோவுக்குப் பதிவு நடந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். திரண்ட தொகை சுமார் 2,500 கோடி. முதல் ஒரு லட்சம் பேரை கம்ப்யூட்டர் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். சிங்கூரில் நிலப் பிரச்னையால் துரத்தப்பட்ட தொழிற்சாலையை குஜராத்தின் சானந்துக்குக் கொண்டுபோய், ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டிகள் செய்யும் அளவுக்குக் கட்டினார்கள். கட்டி முடித்தபோது வாங்குவதற்கு அத்தனை பேர் இல்லை. 2018 ஜூன் மாதம் முழுவதும் அங்கே தயாரான நானோ, ஒன்றே ஒன்று. இன்றைய வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி ஆயிரம் கோடிகளைக் கொட்ட எந்த முதலாளியும் ஏன் தயங்குகிறார் என்பது இதிலிருந்து புரியும்.

ஆனாலும் அதே நானோவில் இன்னொரு பாடமும் இருந்தது. குலுக்கலில் பெயர் வராமல், பணத்தைத் திரும்பப் பெறாமல் காத்திருக்கச் சம்மதித்தவர்களுக்கு வட்டி தருவதாக டாடா அறிவித்தது. காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு, அதைக் கம்பெனியும் ஏற்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு இருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தப் பாடத்தை வசதியாக மறந்துவிட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால், 1983-ல் மாருதி 800-க்கு 10,000 ரூபாய் கட்டி இரண்டே மாதத்தில் 1.35 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அன்றைக்கு நாடு முழுவதும் ஒரு வருடத்தில் தயாரான கார்களே நாற்பதாயிரத்தைச் சுற்றித்தான். அதற்கு முன்பு அம்பாசிடர், பிரீமியர் பத்மினிக்கு வருடக்கணக்கில் நின்றார்கள். பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பத்து வருடம் நின்றவர்கள் உண்டு. பெண் பிறந்தவுடன் வரதட்சணைக்காக ஸ்கூட்டர் பதிந்து வைப்பார்கள் என்று அந்தக் காலத்தில் கிண்டலாகச் சொல்வதுண்டு. அன்று வரிசைக்குக் காரணம் லைசென்ஸ் ராஜ்ஜியம். எத்தனை வண்டி செய்யலாம் என்பதை டெல்லி முடிவு செய்தது. 1991-க்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. வரிசை மட்டும் வேறு வேஷம் போட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

'அடுத்த வாரம் சொல்றேன் சார்'

இனி ஷோரூமுக்குள் போவோம். புக் செய்த முதல் வாரம் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் தானாகவே போன் செய்வார். இரண்டாம் மாதம் நாம் செய்தால் எடுப்பார். ஐந்தாம் மாதம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். எட்டாம் மாதம் போய்ப் பார்த்தால் அவர் வேறு கம்பெனி ஷோரூமுக்கு மாறியிருப்பார். புதிதாக வந்தவர் நம் ஃபைலைத் தேடுவார். அவரைக் கோபித்துப் பயனில்லை. எந்த வண்டி, எந்த வாரம் அலாட் ஆகும் என்பது அவருக்கே தெரியாது. கம்பெனியின் கம்ப்யூட்டரில் வரும்போதுதான் அவரும் பார்க்கிறார்.

பிறகு ஒருநாள் திடீரென்று போன் வரும். 'சார், உங்க கலர் இல்லை. வெள்ளையில ஒண்ணு கேன்சல் ஆகியிருக்கு. இன்னைக்கே சொன்னீங்கன்னா உங்களுக்கு.' ஒரு வருடம் காத்திருந்தவருக்கு முடிவெடுக்க ஒரு சாயங்காலம். இப்படித்தான் கறுப்பு கேட்டவர் வெள்ளையிலும், பெட்ரோல் கேட்டவர் டீசலிலும், நடு வேரியன்ட் கேட்டவர் இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்து டாப் எண்டிலும் வீடு திரும்புகிறார்கள். கடன்காரர்களாகவும்தான்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அலாட்மென்ட் ஆடி மாதத்தில் வந்தால்? பெரும்பாலான வீடுகளில் ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். 'ஆவணி ஒண்ணாம் தேதி எடுத்துக்கிறேன்' என்றால், கிராக்கியுள்ள மாடலுக்கு ஷோரூம் காத்திருக்காது. வண்டி அடுத்தவருக்குப் போய்விடும். நம் வரிசை எண் என்னவாகும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அதேபோல் டிசம்பர் கடைசி வாரம். ஜனவரியில் பதிவு செய்தாலும் ஆர்.சி.யில் உற்பத்தி ஆண்டு பழையதாகவே இருக்கும். விற்கும்போது ஒரு வருடப் பழசு என்று விலை அடிபடும். 'பரவாயில்லையா சார்?' என்று கேட்பார்கள். பரவாயில்லை என்றுதான் காத்திருந்து சலித்தவர் சொல்வார்.

சலிப்பு ஒரு வியாபாரமும் ஆகிவிட்டது. கிராக்கியுள்ள வண்டியைக் கேட்டால் சில இடங்களில் ஆக்சஸரீஸ் கட்டாயம் என்கிறார்கள். மேட், சீட் கவர், மட் ஃப்ளாப், கோட்டிங் என்று முக்கால் லட்சம் வரை ஒரு பொட்டலம். அதை எடுத்தால் வண்டி 'சீக்கிரம்' வரும். இன்ஷூரன்ஸ் எங்களிடமே போட வேண்டும் என்பார்கள். வெளியே விசாரித்தால் அதே பாலிசி பல ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி பில்லில் ஒட்டியிருக்கும். எதைக் கையாண்டதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது. எல்லா டீலர்களும் இப்படியில்லை. வரிசையை நேர்மையாகக் காட்டி, எண்ணைச் சொல்லி, வண்டி நகர நகரத் தகவல் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வரிசை மறைவாக இருக்கும்வரை நேர்மை என்பது அந்தந்த ஷோரூம் மேனேஜரின் மனசைப் பொறுத்த விஷயமாகவே இருக்கும்.

என்ன செய்யலாம்?

உற்பத்தியைப் பெருக்கினார்கள், மறுக்கவில்லை. மாதம் 29,000 எஸ்யூவி-க்கள் செய்யும் திறனை மஹிந்திரா படிப்படியாக 49,000 ஆக்கத் திட்டமிட்டது. டொயோட்டா பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதி ஆலையில் 2023-ல் மூன்றாவது ஷிஃப்ட் தொடங்கியது. அதனால் அந்த வண்டிகளுக்கு இன்று அன்றைய நிலைமை இல்லை. ஆனால் அடுத்த ஹிட் மாடல் வரும். அடுத்த 'ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம்' செய்தியும் வரும். விதி மாறாததால் கதையும் மாறாது.

மாற வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. புக்கிங் தொகை வாங்கும் நிறுவனம், ஒன்று விலையை உறுதி செய்ய வேண்டும், இல்லை தேதியை உறுதி செய்ய வேண்டும். சொன்ன தேதி தாண்டினால், தாண்டிய காலத்துக்கான விலையேற்றத்தை நிறுவனம் ஏற்க வேண்டும். வரிசையில் நம் இடம் என்ன என்பதை ரயில்வே பி.என்.ஆர். மாதிரி யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். வீடு கட்டி விற்பவர்கள் சொன்ன தேதியில் சாவி தராவிட்டால் வட்டி தர வேண்டும் என்று ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. அடுக்குமாடி கட்டுகிறவருக்கே அந்தக் கட்டாயம் இருக்கும்போது, நிமிடத்துக்கொரு வண்டி செய்கிறவருக்கு ஏன் கூடாது? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கேட்க வேண்டிய கேள்வி இது. தொழிற்சாலைக்குச் சலுகை கொடுக்கும் மாநில அரசுகளும் கேட்கலாம்.

அதுவரை வாங்குகிறவர்களே விழிப்பாக இருக்க வேண்டியதுதான். புக்கிங் ரசீதில் வேரியன்ட், வண்ணம், அன்றைய எக்ஸ்ஷோரூம் விலை, உத்தேச டெலிவரி மாதம் நான்கையும் எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். வாயால் சொன்ன தேதியை அன்றே மின்னஞ்சலில் அனுப்பி உறுதி கேளுங்கள். கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் பணம் வரும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். வண்டி வந்ததும் சேசிஸ் எண்ணைப் பார்த்து உற்பத்தி மாதம், வருடத்தைச் சரிபார்க்காமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். இன்ஷூரன்ஸை எந்த நிறுவனத்திலும் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டாயம் என்று சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தோடு கட்டாயம் கரைந்துவிடும்.

பணத்தைத் திருப்பித் தர இழுத்தடித்தாலோ, கட்டாய ஆக்சஸரீஸ் என்று பில் போட்டாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கேயும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.